சுவிட்ச் இல்லாத விளக்கு

வண்டிய இப்படி உள்ள ஏத்தி நிறுத்திட்டு உக்காருங்க தம்பி. இந்தப் பனியில நீங்க ஒரு வளைவு தாண்ட மாட்டீங்க. பஸ் ஸ்டாப்புன்னு பேருதான், கடைசி பஸ்ஸு போயாச்சு, இனி இந்த நிழற்குடைக்கு நான்தான் சொந்தக்காரன். பாதிய நீங்க எடுத்துக்குங்க. வால்பாறைக்குத்தானே போறீங்க? போகலாம், போகலாம். பனி எப்ப விலகும்னு மட்டும் கேக்காதீங்க, அது அதுக்கே தெரியாது.

ஹெட்லைட்டுக்குக் கீழ ரெண்டு பக்கமும் மஞ்ச லைட்டு வெச்சிருக்கீங்களே, அதப் பாத்துட்டுத்தான் உங்களக் கை காட்டி நிறுத்தினேன். யாரு போட்டது? குனிஞ்சு பாக்கலாமா, தப்பா நெனக்காதீங்க. ரிலே இருக்கு. ஃபியூஸ் இருக்கு. பேட்டரியில இருந்து தனி வயர் இழுத்திருக்கான். நல்ல வேலைக்காரன். சுவிட்ச் எங்க? ஓ, ஹேண்டில்ல, கட்டை விரல் படுற இடத்துல. இதத் தட்டினா எரியும், தட்டினா அணையும். ம். நினைச்சா அணைச்சுக்கலாம்.

என் பொண்ணு வண்டிக்கும் போட்டுக் குடுத்தேன் தம்பி, இதே மாதிரி ஒரு ஜோடி. நம்ம ஊருல எந்த அப்பனாவது போட்டுக் குடுப்பானா? அப்புறம் அவ என்ன செஞ்சான்னு கேளுங்க. இல்ல, முதல்ல இருந்து சொல்றேன். எங்க போகப் போறீங்க இப்ப.

என் பேரு சடையாண்டி. கேட்டு சடையாண்டின்னு கேட்டாத்தான் இங்க தெரியும். எஸ்டேட் கேட்டுல காவல். வேலைக்குச் சேந்ததும் அங்க, ரிடையர் ஆனதும் அங்க. குறுக்குக் கம்பிய ஏத்தறது, இறக்கறது, அதுதான் உத்தியோகம். கேவலமா நினைச்சுடாதீங்க, கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டு உக்காரணும். வர்ற வண்டிய விளக்க வெச்சே சொல்லிடுவேன், இது டாக்டர் ஜீப்பு, இது இலை ஏத்தற லாரி, இது தொரை வண்டி, கம்பிய ஏத்துடான்னு. அந்த டாக்டர் ஜீப்புக்கு இடது கண்ணு கொஞ்சம் மங்கல். அப்படி ஒவ்வொண்ணுக்கும் ஒரு அடையாளம் வெச்சிருப்பேன்.

எனக்கு ஒரே பொண்ணு. சுகந்தி. வால்பாறையில ரத்தப் பரிசோதனை பண்ற லேப்ல வேலை. அவளுக்கு என் சொந்த மோட்டார் சைக்கிளக் குடுத்தேன் தம்பி. ஸ்கூட்டி இல்ல, இந்த ஏத்தத்துல ஸ்கூட்டிக்கு மூச்சு வாங்கும். மோட்டார் சைக்கிள். நானே பின்னால உக்காந்து ஓட்டப் பழக்கினேன். பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு சடையாண்டின்னு தோட்டத்து ஆளுங்க இருக்கற லைன் வீட்டுல எல்லாரும் கேட்டாங்க. நான் பழைய ஆளு இல்லப்பா, எம்பொண்ணு எங்க வேணா போவா எங்க வேணா வருவான்னு சொன்னேன். அவ பேருக்கே வண்டிய மாத்தியும் குடுத்தேன். அப்படி வளத்தேன்.

வேலை முடிஞ்சு வர்றப்ப இருட்டிடும். ஆனை நிக்கும், சிறுத்தை குறுக்க பாயும். பெத்தவனுக்கு எப்படி இருக்கும்? மேல அந்த ஓட்டு வீடு தெரியுதா, பனியில தெரியாது, அதுதான் நம்ம வீடு. வாசல்ல நின்னா எதிர் மலை முழுசும் தெரியும். வால்பாறையில இருந்து வர்ற ரோடு அந்த மலையில வளைஞ்சு வளைஞ்சு வந்து, பாலத்துல இறங்கி, இப்படி ஏறி வரும். அங்க வர்ற வண்டி எல்லாம் இங்க இருந்து பாத்தா ஒரு பொட்டு வெளிச்சம். எந்தப் பொட்டு எம்பொண்ணுன்னு தெரியணும்ல? எல்லா மோட்டார் சைக்கிளுக்கும் ஒரே மாதிரி ஹெட்லைட்டு. நான் என்ன பண்ணுவேன்? வாசல்ல நின்னு, இது அவளா, இது அவளான்னு. ஒவ்வொண்ணா ஏமாந்து ஏமாந்து நெஞ்சு வலியே வந்துடுச்சு.

அப்பத்தான் இந்த யோசனை. ரெண்டு மஞ்ச லைட்டு. பனியக் கிழிச்சுக்கிட்டுப் போகும், அவளுக்கும் ரோடு நல்லாத் தெரியும், எனக்கும் அவளத் தெரியும். ரெண்டு பேருக்கும் நல்லது. சொல்லுங்க, இதுல என்ன தப்பு?

வால்பாறையில தங்கப்பன்னு ஒருத்தன், வயரிங் கடை. அவன்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். நல்லாத்தான் போட்டான். கிளாம்பு வெச்சு முறுக்கி, வெளிச்சம் எதிர்ல வர்றவன் மூஞ்சியில அடிக்காம ரோட்டப் பாத்துக் குனியற மாதிரி சரி பண்ணினான். கடைசியில சுவிட்ச எடுத்துக்கிட்டு, எங்க வெக்கட்டும் அண்ணேன்னு கேட்டான். சுவிட்ச் எதுக்குன்னு கேட்டேன். அவன் சிரிச்சான். எரிய விடவும் அணைக்கவும்தான் அண்ணே, வேற எதுக்குன்னான். அணைக்க வேண்டாம்டா, சாவி போட்டா எரியணும், சாவி எடுத்தா அணையணும், அவ்வளவுதான், நேரடியாக் குடுன்னு சொன்னேன்.

அவன் ஒத்துக்கல. பகல்லயும் எரியும் அண்ணே, பேட்டரி தாங்காது, ஊருக்குள்ள போறப்ப அணைக்கணும்ல, எவனாவது திட்டுவான்னு என்னென்னமோ சொன்னான். கேட்டுல இருந்தவன்கிட்ட ரூல்ஸ் பேசறான். சுவிட்ச் இருந்தா மறந்துடுவாடா, ஒரு நாள் போட மறந்தா அங்க நான் வாசல்ல நின்னு செத்துடுவேன்னு சொன்னேன். சுகந்தி பக்கத்துலதான் நின்னா. ஏம்மா, சொல்லு, உனக்கு வேணுமா சுவிட்ச்னு அவகிட்டயே கேட்டேன் தம்பி. கேக்காம எதையும் செய்யறவன் இல்ல நான். அவ தங்கப்பன் கையில இருந்த சுவிட்சையே பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம், உங்க இஷ்டம்ப்பான்னா. பாத்தீங்களா, அவ சம்மதத்தோடதான் போட்டது.

அன்னைக்கு சாயங்காலம் எதிர் மலையில ரெண்டு மஞ்சப் பொட்டு வந்துச்சு பாருங்க. கோயில்ல தீபாராதனை காட்டினா எப்படி இருக்கும், அப்படி இருந்துச்சு எனக்கு. கண்ணுல தண்ணி வந்துடுச்சு, உள்ளதச் சொல்றேன்.

அதுல இருந்து கவலையே இல்ல. அந்த மலையில ஆனை முதுகு மாதிரி ஒரு பாறை இருக்கு. விளக்கு அந்தப் பாறையத் தாண்டினதும் பொன்னுத்தாயி, தண்ணி வைன்னு உள்ள குரல் குடுப்பேன். பொன்னுத்தாயி எம்பொண்டாட்டி. மூணு டம்ளர் தண்ணி. அது கொதிச்சு தூளு போட்டு இறக்கறதுக்கும் சுகந்தி வந்து வண்டிய நிறுத்தறதுக்கும் சரியா இருக்கும். அவ எங்க எங்க நிக்கறா, எவ்வளவு நேரம் நிக்கறா, எல்லாம் தெரியும். வந்ததும் கேப்பேன், பாலத்துகிட்ட எதுக்கும்மா நின்னேன்னு. போன் வந்துச்சுப்பாம்பா. யாரு போன்? கூட வேலை செய்யற பொண்ணு. என்னவாம்? இப்படி எல்லாத்தையும் எங்கிட்டச் சொல்லிடுவா. ஒளிவு மறைவே கிடையாது எங்களுக்குள்ள.

பகல்ல எரியறதப் பாத்துட்டு ஊருப் பசங்க கல்யாண வண்டி, கல்யாண வண்டின்னு கிண்டல் பண்ணினாங்களாம். ஒரு நாள் வந்து அழுதா. இதுக்கெல்லாமா அழறது? பேட்டரி ரெண்டு தடவை படுத்துடுச்சு, ஏத்தத்துல தள்ளிக்கிட்டு வந்தா. உடனே பெரிய பேட்டரி வாங்கிப் போட்டேன். அவளுக்கு ஒரு குறை வெச்சதில்ல தம்பி.

ஒரு நாள், அப்ப மழை விட்டிருந்த நேரம், விளக்கு பாறைகிட்ட வந்துச்சு. வந்து, அணைஞ்சுடுச்சு.

நின்னா பரவாயில்ல. நிக்கல. அணைஞ்சுடுச்சு. சாவிய எடுத்தா ஒழிய அணையாதே? இல்ல வண்டி கவுந்தா அணையும். கீழ பள்ளம். போன் போட்டேன், அவ எடுக்கல. லேப்புக்குப் போட்டேன். ஜீப் ஸ்டாண்டுல பழைய ஆளுங்க எல்லாருக்கும் போட்டேன், ஃபாரஸ்டு ஆளுங்களுக்குப் போட்டேன். சடையாண்டி மக பள்ளத்துல விழுந்துட்டான்னு சேதி பரவி, அந்த மலை முழுக்க ஜீப்பு, டார்ச்சு, அவ பேரச் சொல்லிக் கூவுற சத்தம். ஊரே கூடிடுச்சு.

அவ பாறை மேல உக்காந்திருந்தாளாம் தம்பி. வண்டிய ஓரமா நிறுத்தி, சாவிய எடுத்துட்டு, சும்மா உக்காந்திருக்கா. போனு சைலண்டுல. டார்ச்ச மூஞ்சியில அடிச்சு எழுப்பினாங்களாம், இல்ல, தூங்கல, உக்காந்துதான் இருந்தா. வீட்டுக்கு ஜீப்புல கொண்டாந்து விட்டாங்க.

எதுக்கும்மா அணைச்சேன்னு கேட்டேன். கோவமே படல, மெதுவாத்தான் கேட்டேன். சும்மாப்பா, கொஞ்ச நேரம் இருட்டா இருக்கட்டும்னு நெனச்சேன்னா. இருட்டுல என்ன இருக்குன்னு கேட்டேன். ஒண்ணும் இல்லப்பா, அதுக்குத்தான்னா. என்ன பதில் இது? இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல. உங்களுக்கு வெளங்குதா?

அன்னைக்குத்தான் பொன்னுத்தாயி என்னைப் பிடிச்சுக்கிட்டா. வாயத் தொறக்காதவ. என் கையப் பிடிச்சு சூடத்தட்டு மேல வெச்சு, சத்தியம் பண்ணுங்கன்னா. விளக்கு எரியற வரைக்கும் போனத் தொட மாட்டேன், எங்க நின்னாலும் எவ்வளவு நேரம் நின்னாலும் தொட மாட்டேன்னு. ஊரு முன்னால புள்ளைய இப்படி அவமானப்படுத்தாதீங்கன்னு அழுதா. சரி, பொம்பளை மனசு, எதுக்கு நோகடிக்கணும்? சத்தியம் பண்ணிக் குடுத்தேன். சத்தியம் பண்ணினா பண்ணினதுதான் நான்.

கோயமுத்தூருல பெரிய ஆஸ்பத்திரி லேப்புல வேலை கிடைச்சிருக்குன்னு அவ அப்பவே சொல்லிக்கிட்டு இருந்தா. நான் வேண்டாம்னு சொல்லவே இல்ல தம்பி, அத நல்லா மனசுல வெச்சுக்குங்க. யோசிக்கலாம்னு சொன்னேன். திரும்பக் கேட்டா, யோசிக்கலாம்மா. பொங்கல் முடியட்டும். மழை முடியட்டும். கோயமுத்தூருல எந்த மலை இருக்கு, எந்த ரோடு இருக்கு, நான் எங்க நின்னு பாக்கறது? பொண்ணு கேட்டு வந்தவங்களுக்கும் அதேதான், எல்லாம் மலைக்குக் கீழ இருக்கற ஊரு மாப்பிள்ளைங்க. அப்புறம் அவ கேக்கறத விட்டுட்டா. மனசு மாறிட்டான்னு சந்தோஷப்பட்டேன். வீட்டுல சிரிக்கக்கூட ஆரம்பிச்சுட்டா. ஆத்தாளும் மகளும் அடுப்படியில என்னமோ குசுகுசுன்னு பேசிக்கிட்டே இருப்பாங்க. வீடு வீடா இருக்குதேன்னு எனக்கு நிம்மதி.

குளிருதா? துண்டு வேணுமா? இருங்க, கிளம்பாதீங்க, பாலமே தெரியல இன்னும்.

அப்படி ஒரு நாள் சாயங்காலம் வழக்கம்போல வாசல்ல நிக்கறேன். வழக்கமான நேரம். எதிர் மலையில ரெண்டு மஞ்ச விளக்கு. வந்துட்டா. பொன்னுத்தாயி, தண்ணி வை. உள்ள எட்டிப் பாக்கறேன், ரெண்டு டம்ளர் தண்ணி அளந்து ஊத்தறா. ஏண்டி, மூணு வைன்னேன். ஆங், மறந்துட்டேன்னு இன்னொரு டம்ளர் ஊத்தினா. வயசாச்சுல்ல.

விளக்கு அன்னைக்கு ஒரு மாதிரி வருது. நிக்குது, போகுது, நிக்குது. லைன் வீடு இருக்கற இடத்துல எல்லாம் நிக்குது. எனக்குக் கை போனத் தேடுது. பொன்னுத்தாயி பின்னால வந்து நின்னுக்கிட்டு, சத்தியம்ங்க, விளக்கு எரியுது பாருங்க, சத்தியம்னு சொல்றா. சரின்னு பல்லக் கடிச்சுக்கிட்டு நிக்கறேன். டீ ஆறிப் போயி ரெண்டாம் தடவ சூடு பண்ணியாச்சு. விளக்கு பாலத்துல இறங்குது. ஏறுது. இந்தா, இந்த வளைவுல திரும்பி, எம்முகத்துல அடிக்குது மஞ்ச வெளிச்சம். வந்துட்டியாம்மான்னு ஓடினேன்.

ரொட்டிக்கார அபுதாகிர் பாய்.

பின்னால ரொட்டிப் பெட்டி, முன்னால எம்பொண்ணு விளக்கு. பாய் வண்டிய அணைக்காமயே பேசறாரு. அண்ணே, சுகந்தி கோயமுத்தூர் பஸ்ஸு ஏறிடுச்சு. வேலையில சேருதாம். வண்டிய தங்கப்பன் கடையில விட்டுட்டு, விளக்க மட்டும் கழட்டி என் வண்டியில மாட்ட வெச்சுடுச்சு. உங்ககிட்டச் சொல்லச் சொல்லுச்சு. அப்புறம் தலையச் சொறிஞ்சுக்கிட்டே, அப்பா டீ போட்டு வெச்சிருப்பாரு, அத நீங்க குடிச்சுட்டுப் போங்கன்னும் சொல்லுச்சுன்னாரு.

உடனே கீழ செக்போஸ்டுக்குப் போன் போட்டேன். அங்க நம்ம ஆளு ஒருத்தன், நான் சொன்னா எந்த பஸ்ஸையும் ஒரு நிமிஷம் நிறுத்துவான். அண்ணே, கோயமுத்தூர் பஸ்ஸு தாண்டிப் போயி கொஞ்ச நேரம் ஆச்சே, முன்னாடியே சொல்லக் கூடாதான்னு கேக்கறான். முன்னாடி எப்படிடா சொல்லுவேன், விளக்கு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சேடா!

பாய் நின்னுக்கிட்டே டீயக் குடிச்சாரு. குடுத்தேன், போட்டாச்சு, என்ன பண்றது.

பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லுன்னு சும்மாவா சொன்னாங்க? ஒரு வார்த்தை, அப்பா நான் போறேன்னு சொல்லிட்டுப் போயிருந்தா நான் என்ன கட்டிப் போட்டா வெச்சிருப்பேன்? யோசிக்கலாம்னுதானே சொல்லியிருப்பேன்! இதுல பொன்னுத்தாயிக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரல பாருங்க. பாவம், அவளுக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது, வெவரம் இல்லாதவ. அதிர்ச்சியில அப்படி ஆயிட்டா. அன்னைக்கு ராத்திரி நல்லா சாப்பிட்டுத் தூங்கினா, அதிர்ச்சின்னா சிலருக்கு அப்படித்தான்.

இப்ப அவளும் இங்க இல்ல. மகளுக்கு ஊறுகா குடுத்துட்டு வர்றேன்னு மழைக்கு முன்னால போனா. அங்க ஒரு ரூமு எடுத்திருக்காங்களாம், புள்ளைக்குச் சமைச்சுப் போடறாளாம். வந்துடுவா. மறதி ஜாஸ்தி அவளுக்கு, ஊறுகாயோட சாமி படத்தையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டா. நீங்களும் வாங்க அப்பான்னு சுகந்தி போன்ல கூப்பிடத்தான் செய்யறா. நான் எப்படிப் போறது? வீட்டப் பூட்டிட்டுப் போனா இங்க யாரு பாக்கறது? கேட்டுல இருந்தவன் கேட்ட விட்டுட்டுப் போக முடியுமா தம்பி? அவங்களுக்கென்ன, போயிட்டாங்க. மாட்டிக்கிட்டவன் நான்தான்.

விளக்கா? பாய் வண்டியிலதான் இருக்கு. போயி சண்டை போட்டேன், எம்பொண்ணு விளக்கக் கழட்டிக் குடுய்யான்னு. பாய் நல்ல மனுஷன், ஸ்பேனரக் கையில குடுத்து, கழட்டிக்குங்கண்ணேன்னாரு. குனிஞ்சு கிளாம்புல ஸ்பேனரப் போட்டேன். ஒரு நட்டக் கழட்டினேன். அப்பத்தான் தோணுச்சு, இதக் கழட்டி நான் எங்க கொண்டு போயி மாட்டறது? சாயங்காலம் அந்த மலையில என்ன வரும்? திரும்ப நட்ட முறுக்கி விட்டுட்டு வந்துட்டேன். இப்பவும் பாறையத் தாண்டினதும் நானே தண்ணி வெச்சுடறேன், பாய் வந்து ஒரு டீ குடிச்சுட்டுப் போறாரு. ஒண்ணுதான் சரியில்ல, பாய் முதல் வேலையா தங்கப்பன்கிட்டப் போயி சுவிட்ச் வெச்சுட்டாரு. சில நாள் ஏத்தத்துல அணைச்சுடறாரு. எனக்கு திக்குன்னு ஆயிடும்.

இன்னைக்கு பாயும் இல்ல தம்பி. தங்கச்சி வீட்டு விசேஷம், ஊருக்குப் போயிட்டாரு. அதான் வீட்டுல இருக்க முடியாம இங்க வந்து உக்காந்தேன்.

அந்தா, பாலம் தெரியுது. பாறையும் தெரியுது பாருங்க. விலகிடுச்சு. கிளம்புங்க, உங்களையும் யாராவது பாத்துக்கிட்டு இருப்பாங்க. வலது பக்கம் பள்ளம், இடது பக்கமே போங்க.

ஒரே ஒரு உதவி. எதிர் மலையில அந்தப் பாறைகிட்டப் போனதும் இந்த மஞ்ச லைட்ட ஒரு தடவை அணைச்சுப் போடுங்க. உங்க வண்டியிலதான் சுவிட்ச் இருக்கே. நான் இங்கயே நின்னு பாத்துட்டு, வீட்டுக்குப் போயி ஒரு டம்ளர் தண்ணி வெச்சுடுவேன்.

அப்புறம், உங்க போன் நம்பர ஒரு தடவை சொல்லிட்டுப் போங்க. எதுக்கும் இருக்கட்டும். விளக்கு எரியற வரைக்கும் கூப்பிட மாட்டேன் தம்பி, சத்தியம்.